நாய்க்குட்டிப் பயிற்சியும் பூனைச் சேட்டையும்: முதலில் இடம், அப்புறம் நேரம், கடைசியில் சொல்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த அன்றே "உட்கார்", "கடிக்காதே" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பூனை வந்தால் "இறங்கு, இறங்கு" என்று அதன் பின்னால் ஓடுகிறோம். பல குட்டிகளை வளர்த்தும், முதன்முறை வளர்ப்பவர்களின் வீடுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தும் நான் கண்ட மிகப் பெரிய தவறு இதுதான். முதலில் வீட்டின் அமைப்பைச் சரி செய்ய வேண்டும், அப்புறம் நாளின் நேரங்களை. சொல் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் குட்டி குழம்பிப் போகும். நாமோ அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் படி இருவருக்கும் பொது. 2 முதல் 7 வரை நாய்க்குட்டிக்கு, 8 முதல் 11 வரை பூனைக்கு, 12 இரண்டும் சேர்ந்து வாழும் வீட்டுக்கு, 13 மறுபடி இருவருக்கும்.

1. குட்டி வரும் முன்: தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

நின்றபடி பார்த்தால் வீடு பத்திரமாகத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்து, முடிந்தால் படுத்தே, அறை அறையாகப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் சார்ஜர் வயர், கட்டிலுக்கடியில் உருண்டுபோன மாத்திரை, கதவோரச் செருப்பு, மூடியில்லாத குப்பைத் தொட்டி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பூனை வருவதாக இருந்தால் அலமாரி உச்சியையும் ஃபிரிட்ஜ் மேல்பகுதியையும் ஜன்னல் விளிம்பையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கண்டிப்பாக எட்டாத இடத்துக்குப் போக வேண்டியவை சில உண்டு. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பூனைக்கு லில்லிப் பூச்செடி உயிரையே எடுக்கும். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலும் பூனைக்கு ஆகாது. நாய்க்கான உண்ணி மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு மரண ஆபத்து. அதனால் நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் ஒரு சொட்டு விடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

நூல், ரிப்பன், ரப்பர் பேண்டு இவற்றைப் பலரும் விளையாட்டுப் பொருளாக நினைக்கிறார்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கித்தான் விடும். அது குடலில் சிக்கிச் சுருக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை: நாய்க்குட்டிக்குக் கூண்டு, அறை வாசலில் வைக்கத் தடுப்புக் கதவு, உடம்பில் மாட்டும் ஹார்னஸ், கடிப்பதற்கு மூன்று நான்கு வகைப் பொம்மைகள். பூனைக்கு லிட்டர் பெட்டி (அது கழிப்பிடமாகப் பயன்படுத்தும் மணல் பெட்டி), பிராண்டுவதற்குக் கம்பம், உயரமான ஒரு தட்டு. இருவருக்குமே என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும். முதல் அசம்பாவிதம் நடந்த பிறகு கடைக்கு ஓடினால் அதற்குள் வாடை ஊறிவிடும்.

2. முதல் வாரம்: சொல் எதுவும் வேண்டாம், நேரம் மட்டும் போதும்

எட்டு வார நாய்க்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். இது தெரியாமல், விழித்திருந்தால்தான் நன்றாகப் பழகும் என்று எழுப்பி எழுப்பி விளையாடுகிறார்கள். தூக்கம் போதாத குட்டி மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். "சாயங்காலமானால் இதற்கு என்னவோ ஆகிவிடுகிறது" என்று என்னிடம் சொன்ன பலர் வீட்டில், குறை தூக்கத்தில்தான் இருந்தது.

நாளைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் வெளியே, சாப்பாடு, மறுபடி வெளியே, கால் மணி நேர விளையாட்டு, மறுபடி வெளியே, அப்புறம் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத் தூக்கம். இந்தச் சுற்றுதான் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

சாப்பாட்டை நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரம் ஒழுங்காக இருந்தால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும். கிண்ணம் நாள் முழுவதும் தரையில் கிடந்தால் அடுத்த படி கைகூடவே செய்யாது. தண்ணீருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அது எப்போதும் கிடைக்க வேண்டும்.

3. கழிப்பிடப் பழக்கம்

இதில்தான் பெரும்பாலோர் மனம் தளர்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். ஆனால் இது அமைதியாகப் படுத்திருக்கும்போது உள்ள உச்ச வரம்பு. விழித்து விளையாடும் குட்டியை 45 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள், விளையாட்டின் நடுவில், ரொம்பக் குஷியான பிறகு என இந்த நான்கு சமயங்களையும் தவறவிடவே கூடாது.

அறிகுறியைப் படிக்கப் பழகுங்கள். விளையாடிக்கொண்டிருந்த குட்டி பொம்மையை அப்படியே போட்டுவிட்டு நிற்கும். மூக்கு தரையோடு ஒட்டும். இரண்டடி நடந்து, முகர்ந்து, சின்னதாக ஒரு வட்டம் போடும். வால் அடிப்பகுதியில் லேசாகத் தூக்கும். பின்னங்கால் மடங்குவதற்கு முன் உங்களுக்குக் கிடைப்பது ஏழெட்டு விநாடிதான். அதற்குள் பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

தினமும் ஒரே கதவு வழியாக, ஒரே இடத்துக்குப் போங்கள். பழைய வாடை குட்டிக்கு இடத்தை நினைவூட்டும். அங்கே போய் நின்றுவிடுங்கள். பேச்சு, விளையாட்டு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் உள்ளே கொண்டுவந்து மடியிலோ கூண்டிலோ வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி போங்கள். தரையில் இறக்கிவிட்டால் கம்பளத்தில் போகும்.

போய் முடித்த அந்த விநாடியே, அந்த இடத்திலேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: முடித்தவுடன் உள்ளே இழுத்து வராதீர்கள். இரண்டு நிமிடம் அங்கேயே விளையாட விடுங்கள். போனால் வெளி நேரம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட குட்டி அடக்கிக்கொண்டே திரியும், வீட்டுக்குள் வந்ததும் போகும்.

வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால், கத்தாமல் தூக்கி வெளியே கொண்டுபோங்கள். போய் முடித்த பிறகு பார்த்தால் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, அந்த இடத்தைக் காட்டித் திட்டுவது எதுவுமே பயன் தராது. "ஆனால் அது தப்பு செய்தது மாதிரியே முழிக்கிறதே" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும், நாய் உண்மையில் தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்தக் 'குற்றமுள்ள முழி' அதிகம் தெரிந்தது. அந்த முழிக்குக் காரணம் நம் கோபம். ஆகவே திட்டினால் குட்டி கற்பது ஒன்றுதான்: உங்கள் கண்ணுக்கு முன் போகக் கூடாது. அதன் பிறகு வெளியே கொண்டுபோனாலும் உங்கள் முன் போகாது, கட்டிலுக்கடியில் போய் ஒதுங்கும்.

துடைக்க என்சைம் திரவம்தான் சரி. சாதாரண திரவம் நம் மூக்கை ஏமாற்றும், குட்டியின் மூக்கை ஏமாற்றாது. அம்மோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம். சிறுநீரிலும் அந்த வாடைதான் இருப்பதால் 'இங்கேதான்' என்று அடையாளம் வைத்ததுபோல் ஆகிவிடும்.

இரண்டு வாரம் தொடர்ந்து ஓர் அறையில் அசம்பாவிதம் இல்லை என்றால் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். நான்கு நாள் நன்றாக இருந்தது என்று முழு வீட்டையும் திறந்துவிடுவதுதான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறது.

4. கூண்டும் தனிமையும்

குட்டி நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடிகிற அளவு இருந்தால் போதும். பெரிய கூண்டாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். பெரியதாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் நடுவில் பலகை வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு கொடுங்கள். சில நாள் கழித்துச் சாப்பிடும் நேரம் மட்டும் மூடுங்கள், அப்புறம் சில நிமிடம் கூடுதலாக. கோபத்தில் ஒருமுறைகூட உள்ளே தள்ளாதீர்கள். தண்டனையாக அடைத்த இடத்தில் எந்தக் குட்டியும் நிம்மதியாகத் தூங்காது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

முதல் சில இரவுகள் கூண்டை உங்கள் படுக்கைக்கு அருகிலேயே வையுங்கள். நேற்றுவரை தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் ஒட்டிப் படுத்த குட்டி அது. வேறு அறையில் விட்டு "அழுது பழகட்டும்" என்றால், தனிமை என்றாலே பயம் என்றுதான் பழகும். நடு இரவில் எழுந்து முனகினால் விளக்கைப் பெரிதாகப் போடாமல், கொஞ்சாமல், வெளியே கொண்டுபோய்விட்டு வந்து படுக்க வையுங்கள்.

தனியாக இருக்கப் பழக்குவதை விநாடிகளில் தொடங்குங்கள். அறையை விட்டு வெளியே போய் உடனே வாருங்கள். பத்து விநாடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். அழத் தொடங்குவதற்கு முன் திரும்பி வந்துவிட வேண்டும்.

5. கடி

குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றரை நான்கு மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். ஈறு நமைக்கும் அந்தக் காலத்தில் கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுக்க முடியும். நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்த துணி நல்ல ஆறுதல் தரும். துணியைக் கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கையைக் கடித்தால் முதலில் கையை அசைக்காமல் வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஓடும் இரைபோல் தெரிந்து இன்னும் உற்சாகமாகப் பாயும். கை அசையாமல் நின்றதும் பிடி தளரும், அப்போது பொம்மையை நீட்டுங்கள். அதை விட்டுவிட்டு மறுபடி கைக்கே வந்தால், சத்தமில்லாமல் எழுந்து தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் இருபது விநாடி நின்றுவிட்டு வாருங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்பதைவிடத் தெளிவான பாடம் குட்டிக்கு இல்லை. முதல் நாளே பலன் தெரியாது. நான் ஒரு குட்டிக்கு இப்படி ஒரு மாலையில் பதினைந்து முறைக்கு மேல் எழுந்து போயிருக்கிறேன். இரண்டாவது வாரத்தில் அது பாய்ந்து வந்து, கைக்குப் பக்கத்தில் வந்ததும் தானாகத் திரும்பிப் போய்ப் பொம்மையை எடுத்து வந்தது.

வீட்டில் ஒருவர் கையாலேயே மல்லுக்கட்டி விளையாடினால் மற்றவர்களின் உழைப்பெல்லாம் வீண். இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுங்கள். குழந்தைகளிடம், குட்டி கால்களைத் துரத்தினால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம்போல் நிற்கச் சொல்லுங்கள். குட்டியையும் சிறு குழந்தையையும் தனியாக விட வேண்டாம்.

சாப்பிடும்போது கிண்ணத்தில் கைவிட்டு 'சோதிக்கும்' பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மனிதர் வந்தால் சாப்பாடு பறிபோகும் என்ற பயத்தை நாமே ஊட்டுகிறோம். அதற்குப் பதிலாக, அது சாப்பிடும்போது அருகே கடந்துபோய், இன்னும் ருசியான ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

6. இப்போதுதான் சொற்கள்

ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை. தின்பண்டம் பாதிப் பட்டாணி அளவு போதும், அதை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் சொல் அதன் பெயர். பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்ததும் கொடுங்கள். பெயரைச் சொல்லித் திட்டவே கூடாது, இல்லையென்றால் அது காதில் விழாத சொல்லாகிவிடும்.

இரண்டாவது "வா". இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், விளையாட்டை முடிக்கவும் "வா" என்று கூப்பிடாதீர்கள். அந்த வேலைகளுக்கு நீங்களே போய்த் தூக்குங்கள். என்றாவது ஒருநாள் சாலைப் பக்கம் ஓடும்போது அதைக் காப்பாற்றப் போவது இந்தச் சொல்தான். அதைக் கெட்ட நினைவோடு சேர்த்துவிடக் கூடாது.

"உட்கார்" சுலபம். தின்பண்டத்தை மூக்குக்கு நேராக வைத்து மெல்ல தலைக்குப் பின்புறம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகக் கீழே இறங்கும். முதுகை அழுத்த வேண்டியதே இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை தானாக உட்கார்ந்த பிறகுதான் சொல்லைச் சேருங்கள். அதையும் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "உட்கார், உட்கார், உட்காரு" என்றால் மூன்றாவது முறைக்குத்தான் உட்கார வேண்டும் என்று கற்கும்.

"விடு" என்பதற்கு மூடிய கைக்குள் தின்பண்டம் வைத்து நீட்டுங்கள். நக்கும், பிராண்டும். விலகும் விநாடியில் மறு கையிலிருந்து கொடுங்கள். வாயில் இருப்பதைப் பிடுங்குவதற்குப் பதில் எப்போதும் மாற்றாக ஒன்று கொடுத்து வாங்குங்கள்.

கயிற்றோடு நடப்பது கடைசி. இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் இருபது அடிதான் போயிருப்பீர்கள், பரவாயில்லை. வீட்டுக்குள் கற்ற சொல்லை வாசலிலும் தெருவிலும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். இடம் மாறினால் அதற்கு எல்லாமே புதிது.

7. வெளியுலகம்: இதற்குக் காத்திருக்க முடியாது

எண்ணில் ஏழு என்றாலும் இது முதல் வாரமே தொடங்க வேண்டியது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை அச்சமில்லாமல் ஏற்கும். அப்புறம் அந்தக் கதவு மெல்ல மூடிக்கொள்ளும். ஆனால் தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தவணையாகப் போகும். குட்டியின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும்.

இரண்டையும் சமாளிக்க வழி, தூக்கிக்கொண்டு போவது. பல நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்டவர், தாடிக்காரர், சைக்கிள், குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். உடம்பு இறுகினால், வாய் மூடினால், காது பின்னால் போனால் இன்னும் தள்ளிப் போங்கள். பயந்ததை நோக்கித் தள்ளினால் பயம்தான் பழகும்.

8. பூனை: லிட்டர் பெட்டியில் தொடங்குங்கள்

பூனைக்கு மலத்தை மண்ணில் மூடும் குணம் இயல்பிலேயே இருக்கிறது, கற்றுத்தர வேண்டியது ரொம்பக் குறைவு. அது பெட்டிக்கு வெளியே போனால் பெட்டியில்தான் ஏதோ பிடிக்கவில்லை என்று முதலில் பாருங்கள்.

எத்தனை பூனையோ அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும். மூன்று பெட்டியையும் ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டி. நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். கடையில் கிடைப்பவற்றில் பல சிறியவை. அகலமான, மூடியில்லாத பிளாஸ்டிக் டப் நன்றாகவே உதவும். வாசனையில்லாத நைசான மணலை ஐந்து ஆறு செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். நம் மூக்குக்காகச் சேர்த்த வாசனை பூனையை விரட்டும். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குட்டி மணலைத் தின்று பார்க்கும், அதனால் ஈரம் பட்டால் கட்டியாகும் வகையை அதற்குப் போடாதீர்கள்.

சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகில் வைக்க வேண்டாம். சத்தம் போடும் வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம். தினமும் ஒருமுறையாவது அள்ளிவிடுங்கள்.

9. சோபாவைப் பிராண்டுவது

பூனை பழி வாங்கப் பிராண்டுவதில்லை. நகத்தின் பழைய மேலுறை கழல, முதுகையும் தோளையும் நீட்டி முறுக்க, பாதத்துச் சுரப்பிகளின் வாடையை அங்கே பதிக்கப் பிராண்டுகிறது. அது உடம்பின் தேவை, தடுக்க முடியாது. இடத்தை மட்டும்தான் மாற்ற முடியும்.

வாங்கிய கம்பத்தைப் பூனை தொடவே இல்லை என்று பலர் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் இரண்டடிக் கம்பம், பிடித்தால் ஆடும், யாரும் போகாத மூலையில் நிற்கும். பின்னங்காலில் எழுந்து முழுதாக நீட்டும் உயரம், அதாவது முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆடவே கூடாது. ஒருமுறை ஆடிப் பயந்தால் திரும்ப வராது. நார்க்கயிறு சுற்றியது பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். கம்பளத்தைப் பிராண்டும் பூனைக்குத் தரையில் கிடத்திய அட்டைப்பலகை பிடிக்கும்.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் கம்பத்தை அது ஏற்கெனவே பிராண்டும் சோபா மூலைக்கு ஒட்டியே நிறுத்துங்கள். அதன் பிறகு சோபா மூலையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். கம்பத்தில் பிராண்டும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். சில வாரம் கழித்து, பழக்கம் உறுதியானதும், தினம் சில அங்குலமாகத் தள்ளி வையுங்கள். மாற்று இடம் தராமல் டேப்பை மட்டும் ஒட்டினால் அடுத்த நாற்காலிக்குப் போகும்.

நகத்தையே எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பது. பூனைக்கு வாழ்நாள் வலியாகவே ஆகிவிடலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினாலே போதும்.

10. மேசை மேல் ஏறுவது, பொருளைத் தள்ளிவிடுவது

பூனைக்கு உயரம் என்றால் பாதுகாப்பு. வீட்டிலேயே உயரமான இடம் சமையல் மேடைதான் என்றால் அங்கேதான் இருக்கும். ஜன்னலோரம் மேடையைவிட உயரமாக ஒரு தட்டு வையுங்கள், அதில் அவ்வப்போது தின்பண்டம் ஒளித்து வையுங்கள். மேடையை எப்போதும் துடைத்து வையுங்கள். பத்து நாளில் ஒருநாள் மீன் துண்டு கிடைத்தாலும் போதும், மற்ற ஒன்பது நாளும் சோதித்துப் பார்க்க வரும்.

தண்ணீர் பீய்ச்சுவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். நீங்கள் இல்லாதபோது ஏறலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது, கூடவே உங்களைக் கண்டால் மிரளவும் வைக்கிறது. இறக்கிவிட வேண்டுமானால் பேசாமல் தூக்கித் தரையில் விடுங்கள்.

மேசையில் இருக்கும் பேனாவை ஒரு பாதத்தால் தட்டி, உங்களைப் பார்த்து, மறுபடி தட்டும் பூனையை எல்லோரும் பார்த்திருப்போம். கீழே விழுந்ததும் நாம் எழுந்து வருவதுதான் அதற்கு வேண்டிய பரிசு. எழாதீர்கள். உடையும் பொருளை மெழுகுப் பசையால் ஒட்டுங்கள் அல்லது உள்ளே வையுங்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே விளையாட அழைத்துவிடுங்கள்.

11. விடியற்காலைக் கூத்து

பூனை அந்தியிலும் வைகறையிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. நாலு மணிக்கு மெத்தை லேசாக அமுங்கும். மார்பில் ஒரு கனம் வந்து உட்காரும். நகம் உள்ளிழுத்த பாதம் ஒன்று கன்னத்தைத் தொடும். பதில் இல்லையென்றால் அடுத்த முறை நகம் கொஞ்சம் வெளியே இருக்கும். நாம் எழுந்து சாப்பாடு போட்டுவிட்டு வந்து படுக்கிறோம். மறுநாள் மூன்றே முக்காலுக்கு வரும்.

இரவு தூங்கும் முன் கோலில் இறகு கட்டிய பொம்மையால் கால் மணி நேரம் துரத்தி விளையாட விடுங்கள். கடைசியில் பிடிக்க விடுங்கள், உடனே சாப்பாடு போடுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதே அதன் இயல்பான வரிசை. லேசர் விளக்கில் விளையாடினாலும் முடிவில் கையில் பிடிபடும் ஒரு பொருளில் முடியுங்கள். எதுவும் பிடிபடாத வேட்டை அதை எரிச்சலாக்கும்.

காலையில் எழுப்பினால் எழாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். முதல் சில நாள் சத்தம் முன்பைவிட அதிகமாகும். இதற்கு முன் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் அழுத்திப் பார்க்கிறது. இந்த நாள்களில் ஒருநாள் மனம் இளகி எழுந்தாலும், இவ்வளவு நேரம் கத்தினால் கிடைக்கும் என்று பதிந்துவிடும். நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் இருந்தால், சாப்பாட்டுக்காக உங்களை எழுப்ப வேண்டும் என்ற நினைப்பே போய்விடும்.

12. நாய்க்குட்டியும் பூனையும் ஒரே வீட்டில்

முதல் நாள் நேருக்கு நேர் காட்டாதீர்கள். தனித்தனி அறை. இரண்டு மூன்று நாள் படுக்கைத் துணிகளை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முகர்ந்துவிட்டுச் சாதாரணமாக நகர்ந்தால் அடுத்தது, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. அப்புறம் தடுப்புக் கதவு வழியாகப் பார்வை. அதற்கும் பிறகுதான் ஒரே அறை, குட்டி கயிற்றில், பூனைக்குத் தாவி ஏற உயரமான இடம்.

குட்டி பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே தின்பண்டம் கொடுங்கள். வைத்த கண் வாங்காமல் உறைந்து நின்றால் தூரத்தைக் கூட்டுங்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு குட்டியிடம் காட்டுவது ரொம்பத் தவறு. தப்ப வழியில்லாத பூனை உங்களைத்தான் கீறும். இது சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பூனை ஒருமுறை ஓடி, குட்டி ஒருமுறை துரத்திவிட்டால், அதுவே இரண்டுக்கும் விளையாட்டு விதியாகிவிடும்.

லிட்டர் பெட்டியைக் குட்டி போக முடியாத இடத்தில் வையுங்கள். மலத்தை அது தின்னும், பூனையும் பயந்து வேறிடம் தேடும். பூனையின் சாப்பாடும் உயரத்தில் இருக்கட்டும். நாய் உணவில் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து போதுமான அளவு இருக்காது, ஆகவே ஒரே கிண்ணத்தில் இருவருக்கும் போட முடியாது.

13. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். தொட்டால் சீறும் பூனைக்கு எங்கோ வலி இருக்கலாம். நின்றபடி சுவரில் சிறுநீரைப் பீய்ச்சும் ஆண் பூனைக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் பலன் தரும். பெண் பூனைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாக முடியும், அதனால் தள்ளிப்போடாமல் கேட்டுவிடுங்கள்.

ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய்க் குந்தி, முக்கி, கத்தி, சிறுநீர் வராமல் திரும்பினால் அதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவு எத்தனை மணியானாலும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.